கறுப்புச் சுவரும் கோரப் பல்லும்

உங்கள் வீட்டு வாசலில் என்ன தொங்குகிறது? தயவு செய்து ஒரு நிமிஷம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன்.

பார்த்தீர்களா? கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கட்டி இருக்கும். இல்லாவிட்டால் ஓர் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். இல்லாவிட்டால் மண்ணும் தண்ணீரும் இல்லாமல் தலைகீழாகத் தொங்கியபடியே பிடிவாதமாக உயிரோடிருக்கும் ஒரு கற்றாழை. தனி வீடாக இருந்தால் உருட்டு விழியும், முறுக்கு மீசையும், வெளியே நீட்டிய நாக்குமாக ஒரு பூசணிக்காய். தினம் பத்துத் தடவை அதன் கீழே போய் வருகிறீர்கள். பால் பாக்கெட் எடுக்கிறீர்கள், கோலம் போடுகிறீர்கள். ஒரு நாளாவது அந்த முகத்தைப் பார்த்து நீங்கள் பயந்ததுண்டா?

இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. என் அக்காள் மகள் கேட்டாள். கேட்ட இடம், சின்னக் காஞ்சிபுரத்துக்குப் போகிற வழியில், காரின் பின் ஆசனத்தில். கேட்கப்பட்டவள், அவளுக்கு அருகிலேயே உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்த அவள் அம்மா. இருவருக்கும் நாலு நாளாகப் பேச்சு வார்த்தை சரியில்லை. முன் ஆசனத்தில் நான். சமாதானத் தூதன் என்ற உத்தியோகம் எவ்வளவு ஆபத்தானது என்பது அனுபவப்பட்ட சகோதரர்களுக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். பெண்ணும் மாப்பிள்ளையும் சென்னையில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஓர் அறையைத் தன் மனம்போல் அலங்கரிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மனம்போல் என்றால் எப்படி? சுவருக்குக் கறுப்பு வர்ணம். ஜன்னலுக்கு ரத்தச் சிவப்பில் வெல்வெட் திரை. கூர் வளைவு வைத்த ஆளுயரக் கண்ணாடி. இரும்பில் மெழுகுவத்தித் தண்டு. சுவரில் சிறகு விரித்த வௌவால் வடிவத்தில் நாலு விளக்கு! இதற்குக் ‘காத்திக்’ பாணி என்று பெயராம். ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபு வசிக்கிற கோட்டையைப் போல இருக்க வேண்டுமாம்.

படத்தைப் பார்த்ததும் அக்காள், “புது வீட்டில் கறுப்பா? அதில் வௌவால் வேறேயா? குடியிருக்கப் போகிறாயா, குடி கெடப் போகிறாயா?” என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டாகிவிட்டது.

டிராகுலா பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிராம் ஸ்டோக்கர் என்ற ஐரிஷ் எழுத்தாளர் எழுதி 1897-இல் வெளிவந்த நாவல். பிறகு எத்தனையோ சினிமாக்கள். ‘காத்திக்’ என்பது முதலில் மாதா கோயில் கட்டும் பாணிக்குப் பெயர். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஆரம்பித்தது. வானத்தைக் குத்துகிற கூர் வளைவுகளும், வண்ணக் கண்ணாடிகளும் வைத்துக் கட்டுவார்கள். நம் சாந்தோம் மாதா கோயில் இப்போதைய வடிவில் 1896-இல் அதே பாணியில் கட்டப்பட்டதுதான். ஹோரஸ் வால்போல் என்ற சீமான் 1764-இல் பழைய கோட்டை ஒன்றில் பேய்க் கதை நடப்பதாக ஒரு நாவல் எழுதினார். அது முதல் அந்த வளைவுகளுக்குள் பேய்கள் குடியேறிவிட்டன. அந்தச் சீமானும் தமக்கென்று கூர் வளைவுகளோடு ஒரு வீடு கட்டிக்கொண்டவர்தான். ஆகவே, என் மருமகளுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை.

கிரகப்பிரவேசத்துக்குப் புடவை எடுக்க வேண்டும். அதற்காகத்தான் காஞ்சிபுரப் பிரயாணம்.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். காஞ்சிபுரம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே தவிர, அது இரண்டு ஊர். மேற்கே ஏகாம்பரநாதரும் காமாட்சியும் இருப்பது பெரிய காஞ்சிபுரம். கிழக்கே வரதராஜப் பெருமாளைச் சுற்றி இருப்பது சின்னக் காஞ்சிபுரம். விஷ்ணு காஞ்சி என்பதும் இதுவே. பெயரில்தான் சின்னது. 2019-ஆம் ஆண்டு அத்தி வரதர் திருக்குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் சேவை சாதித்தாரே, அப்போது இந்தச் சின்ன ஊருக்குள் வந்து போன ஜனத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை அந்த வரிசையில் நின்றும் இருப்பீர்கள். அதற்கு முன் அவர் வெளியே வந்தது 1979-இல். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை.

கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்புறம் நூற்றுக்கால் மண்டபம். தூண்களை எண்ணினால் 96 தான் வரும். நாலு குறைந்ததற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். இருக்கிற ஒவ்வொன்றையும் பார்த்து முடிக்கவே ஒரு நாள் போதாது. விஜயநகரத்துச் சிற்பிகளின் கை. கூரையின் மூலைகளில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி வளையம் வளையமாகத் தொங்குகிறது. வெளி வரிசைத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள், அவற்றின் மேல் வீரர்கள், கூடவே யாளிகள்.

யாளியின் வாயை நீங்கள் நெருங்கிப் பார்த்ததுண்டா? நான் பல தடவை கோயில்களுக்குப் போயிருந்தும், அன்றுதான் முதன் முதலாக நின்று பார்த்தேன். பிதுங்கிய கண். வாளைப் போல வளைந்த கோரைப் பற்கள்.

“மாமா, இதற்கு என் வௌவால் எவ்வளவோ சாது இல்லையா?” என்றாள் மருமகள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அக்காளுக்கும் கேட்டுவிட்டது. “இது கோயில். உன் படுக்கை அறை இல்லை” என்றாள்.

நான் அவர்கள் கவனத்தை மேலே திருப்பினேன். விமானத்தில் வளைவு வளைவாக இருக்கிற கூடுகளின் உச்சியில் ஒரு முகம் இருக்கும். உடம்பு கிடையாது, முகம் மட்டுமே. சிங்கமா, பூதமா என்று சொல்ல முடியாது. அதற்குக் கீர்த்திமுகம் என்று பெயர். இதன் கதை ஸ்காந்த புராணத்தில் வருகிறது. ஜலந்தரன் என்ற அசுரன், பார்வதியைத் தனக்குத் தரும்படி கேட்டு ராகுவைச் சிவனிடம் தூது அனுப்பினான். சிவனுக்கு வந்த கோபத்தில் ஒரு பூதம் பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு அடங்காப் பசி. ராகுவைத் தின்னப் பாய்ந்தது. அவன் சரணமென்று விழ, சிவன், “தூதனை விட்டுவிடு” என்றார். “அப்படியானால் என் பசிக்கு என்ன வழி?” “உன்னையே தின்றுகொள்.” பூதம் காலிலிருந்து ஆரம்பித்துத் தன்னையே தின்றது. முகம் மட்டும் மிச்சமானபோது சிவன் மகிழ்ந்து, “இனி என் வாசலில் நீ இரு, உன்னை வணங்காதவன் என் அருளைப் பெறமாட்டான்” என்று வரம் கொடுத்துவிட்டார்.

வாசலுக்கு அது வந்த வழி இதுதான். இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் பூஜை அறையில் ஸ்வாமி விக்கிரகத்தின் பின்னால் பித்தளைத் திருவாசி இருக்கிறதா? அதன் உச்சியைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறீர்களே, அந்த முகம், இந்தப் பசிக்காரன்தான்.

அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டுத் திருவாசி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மண்டபத்தை ஒட்டினாற்போல் அனந்தசரஸ் திருக்குளம். படியில் உட்கார்ந்து, வாங்கி வந்த கோயில் இட்லியைப் பிரித்தோம். மிளகு, சீரகம், சுக்கு மணக்க, மூங்கில் கூடையில் மந்தாரை இலை வைத்து வேக வைப்பது. மல்லிகைப் பூப் போல இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள், கொஞ்சம் கெட்டிதான். ஆனால் ஒரு துண்டு சாப்பிட்டால் மத்தியானம் வரை பசி தலைகாட்டாது.

வயிறு நிறைந்ததும் அக்காளுக்குத் தெம்பு வந்துவிட்டது. “பேயை வீட்டுக்குள் கூப்பிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று இந்தப் பெண்ணுக்குச் சொல்லுடா. நீலி கதையைச் சொல்லு” என்று எனக்கு உத்தரவிட்டாள்.

அழுது ஏமாற்றுகிறவர்களை ‘நீலிக் கண்ணீர் வடிக்கிறாள்’ என்கிறோமே, அந்த நீலிதான். காஞ்சிபுரத்துக்கு வடக்கே, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. ஒரு வழக்கின்படி கதையின் ஆரம்பமே காஞ்சிபுரம். இங்கிருந்து காசிக்குப் போன ஒருவன், ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே ஒருத்தியை மணந்துகொண்டான். திரும்பி வரும் வழியில் திருவாலங்காட்டுப் பக்கம் அவளைக் கொன்று நகைகளைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டான். மறு பிறவியில் அவன் வணிகனாகப் பிறந்தான். அவள் பேயாகக் காத்திருந்தாள். பழையனூருக்கு அவன் வந்தபோது, கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுவிட்டார்” என்று ஊர்ச் சபையில் அழுதாள். வணிகன் அலறினான்: “இவள் பெண்ணில்லை, பேய்!” சபையிலிருந்த வேளாளர் எழுபது பேர் அவளுடைய கண்ணீரை நம்பினார்கள். “உன் உயிருக்குக் கேடு வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்” என்று வாக்குக் கொடுத்து, அவனையும் அவளையும் ஒரே அறையில் விட்டார்கள். விடிந்து கதவைத் திறந்தால் அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள். ஞானசம்பந்தரே தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டிருக்கிறார் என்றால், இது எவ்வளவு பழைய கதை என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

“பார்த்தாயா? கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள், போனார்கள்” என்றாள் அக்காள், வழக்கில் ஜெயித்த வக்கீலைப் போல.

“அம்மா, டிராகுலாவும் அப்படித்தான்” என்றாள் பெண். “வீட்டுக்காரர்கள் யாராவது ஒரு தடவை வா என்று கூப்பிட்டால்தான் வாசல்படி தாண்டுவான். கூப்பிடாவிட்டால் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். அதற்காகத்தான் அந்த ஊரிலே ஜன்னலில் பூண்டு கட்டுகிறார்கள், நாம் மிளகாய் கட்டுகிற மாதிரி.”

“பூண்டா?” என்றாள் அக்காள். நாலு நாளில் முதல் தடவையாக அவள் குரலில் கோபம் இல்லாமல் ஆவல் இருந்தது. சமையல் சாமான் பேச்சு வந்தால் எந்தச் சண்டையும் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது.

நான் சந்தர்ப்பத்தை விடவில்லை. “அக்கா, நீயும் நானும் அம்புலிமாமாவுக்கு அடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா?” என்றேன். சங்கர் வரைவாரே அந்தச் சித்திரம்: கையில் உருவிய வாள், தோளில் பிணம், அதற்குள் வேதாளம், விக்கிரமாதித்தன் சுடுகாட்டு வழியே நடக்கிறான். வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவது யார் என்று எங்கள் வீட்டில் குருக்ஷேத்திரமே நடக்கும். அந்த வேதாளக் கதைகளை 1870-இல் இங்கிலீஷில் எழுதிய ரிச்சர்ட் பர்ட்டன் என்ற துரை, வேதாளத்துக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ‘வாம்பயர்’! டிராகுலா பிறப்பதற்கு 27 வருஷம் முன்பே நம் முருங்கை மரத்து வேதாளத்துக்கு அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது.

“அது கதைப் புத்தகம்டா. படித்து மூடி வைத்துவிடலாம். சுவரை மூடி வைக்க முடியுமா?” என்றாள் அக்காள். நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் புத்தகத்துக்குள்ளேயே ஒரு வீட்டை முழுக்க முழுக்கப் பேய்க்கென்று அலங்கரித்த கவிஞர் நம்மிடம் இருக்கிறாரே! ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியைச் சொல்கிறேன். அதற்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு. முதலாம் குலோத்துங்க சோழன் காஞ்சிபுரத்தில் வந்து தங்கியிருந்த சமயத்தில்தான், கலிங்க மன்னன் திறை கட்டவில்லை என்று கேள்விப்பட்டுக் கருணாகரத் தொண்டைமானைப் படையோடு அனுப்பினான் என்கிறது பரணி. இது 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சமாசாரம்.

அந்த நூலில் காளியின் கோயில் வருகிறது. அஸ்திவாரத்தில் ரத்தினம் வைக்க வேண்டுமல்லவா? போரில் மாண்ட மன்னர்களின் பட்டத்து ராணிகள் அணிந்திருந்த மணிகள்! சுவருக்குத் தலைகள். மற்றதற்கெல்லாம் எலும்பும் நிணமும். அதற்குப் பிறகு வருவதைக் கேளுங்கள்: முற்றத்தைப் பெருக்குகிறார்கள்; தண்ணீருக்குப் பதில் பச்சை ரத்தம் தெளிக்கிறார்கள்; பூவுக்குப் பதில் நிணத்தைத் தூவுகிறார்கள்; சுற்றிலும் சுடலைத் தீயே விளக்கு. யோசித்துப் பார்த்தால், பெருக்கித் தெளித்துப் பூப்போட்டு விளக்கேற்றுவது, நீங்கள் தினமும் காலையில் செய்கிற அதே காரியம்தான்! வரிசை கூட மாறவில்லை. பேய்களும் ஒழுங்காகக் காலையில் எழுந்து யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்து, அப்புறம்தான் கூழ் காய்ச்ச உட்காருகின்றன. போர்க்களத்துக் கோரத்தை நம் வீட்டு அடுப்படியாக்கிச் சிரிக்க வைத்துவிட்டார் அந்தக் கவிஞர்.

மருமகள் கை கொட்டிச் சிரித்தாள். அக்காளும் சிரித்துவிட்டாள், ஆனால் உடனே வாயைத் துடைத்துக்கொண்டு, “ஸந்நிதி நடை சாத்துவதற்குள் போகலாம், எழுந்திருங்கள்” என்றாள்.

படியேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தால், பிரகாரத்தில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. முனிவர் சாபத்தால் பல்லியான சீடர்கள் இங்கே சாப விமோசனம் பெற்றார்கள் என்பது வரலாறு. குறுகலான படியில் ஏறிக் கூரையில் இருக்கிற பல்லியைத் தொட வேண்டும். வீட்டில் பல்லியைக் கண்டால் துடைப்பத்தோடு துரத்துகிற என் அக்காள், இரண்டு பல்லியையும் இரண்டு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் தூப்புல் விளக்கொளிப் பெருமாள் கோயில். பலர் பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கூட்டமில்லாத, அமைதியான இடம். வேதாந்த தேசிகர் அவதரித்த தலம். இதன் ஸ்தல புராணம், குடும்பம் நடத்துகிற யாருக்கும் புரியும். பிரம்மா காஞ்சியில் யாகம் ஆரம்பித்தார். மனைவி ஸரஸ்வதியை விட்டுவிட்டு ஆரம்பித்தார். அம்மணிக்குக் கோபம் வராதா? யாகத்தைக் கெடுக்க உலகத்தையே இருளில் மூழ்கடித்தாள். பெருமாள் அந்த இருளின் நடுவில் விளக்கொளியாக நின்றார். அதோடு கோபம் தீர்ந்ததா? இல்லை. உக்கிரமான காளியை அனுப்பினாள். அதைத் தடுக்க எட்டுக் கைகளோடு வந்தார், அவர் பக்கத்திலேயே இருக்கிற அஷ்டபுஜப் பெருமாள். கடைசியில் அவளே வேகவதி நதியாகப் பாய்ந்து வந்தாள்; குறுக்கே படுத்துத் தடுத்தார், அவர் யதோக்தகாரி. ஒரு வீட்டுச் சண்டையால் இந்த ஒரு வட்டாரத்துக்கு மூன்று கோயில்கள் கிடைத்திருக்கின்றன!

நடுப்பகலிலும் விளக்கொளிப் பெருமாளின் கர்ப்பக்கிருகம் இருட்டாகத்தான் இருந்தது. அர்ச்சகர் கற்பூர ஆரத்தி காட்டியபோது திருமுகம் ஒரு கணம் ஜொலித்தது. வெளியே வந்ததும் மருமகள், “பார்த்தாயா அம்மா, டியூப் லைட் போட்டிருந்தால் இப்படி இருக்குமா?” என்று மட்டும் கேட்டாள். அக்காள் பதில் சொல்லாமல் செருப்பைத் தேடினாள்.

இனிப் புடவைக்கு வருகிறேன். கடைக்குப் போகாமல், தெரிந்தவர் ஒருவர் காட்டிய நெசவாளர் வீட்டுக்கே போனோம். தாழ்வான நிலைப்படி. மேலே வாடிய வேப்பிலைக் கொத்து, ஒரு பழைய குதிரை லாடம், அதற்கும் மேலே கண்ணை உருட்டுகிற திருஷ்டிப் படம். உள்ளே குழித்தறி. குழிக்குள் கால் வைத்துப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கரைப் பக்கத்து நாடாவை வாங்கி வாங்கிக் கொடுத்துக் கொண்டிருந்தார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று தனித்தனி நாடா ஓட்டி இரண்டையும் நூலுக்கு நூல் கோத்து நெய்வதுதான் கோர்வை. அவசரத்துக்கு இழுத்தாலும் உடல் கிழியுமே தவிரக் கோர்வை விடாது என்று இவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். முன்பெல்லாம் துணைக்கு ஒரு பையன் உட்காருவான். இப்போது பையன்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அது நல்லதுதான். அந்த இடத்தில் வீட்டுக்கார அம்மாள் உட்காருகிறார், சமையலை முடித்துவிட்டு.

தறியில் ஓடிக்கொண்டிருந்த புடவையைப் பார்த்ததும் மருமகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

கறுப்பு! நல்ல மைக் கறுப்பு உடல். அரக்குக் கரை. கரையில் சரிகையில் வரிசையாக யாளி.

ஒரு சின்ன இடைச்செருகல். அரக்கு என்ற நிறத்துக்கும் அரக்கனுக்கும் சம்பந்தமில்லை. மரக்கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சி கக்குகிற பிசின்தான் அரக்கு. அதிலிருந்து வந்த சிவப்பு. ஆறிப்போன ரத்தத்தின் நிறம் என்று சொன்னால் யாரும் புடவை வாங்கமாட்டார்கள். அரக்கு என்றால் நாலு பேர் போட்டி போடுவார்கள்.

“இது என்ன விலை? இது மாதிரி எனக்கு ஒன்று கிடைக்குமா?” என்று கேட்டாள் மருமகள்.

நெசவாளரின் மனைவி நிமிர்ந்து அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “வளைகாப்புக்கா அம்மா? எத்தனையாவது மாசம்?” என்றார்.

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. “இல்லையே! சும்மா, எனக்குக் கறுப்புப் பிடிக்கும்” என்று தடுமாறினாள்.

நான் அக்காளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தறியின் பக்கத்தில் குனிந்து, நெய்த வரையில் சுருட்டியிருந்த புடவையை விரலால் தடவிக் கொண்டிருந்தாள்.

சில குடும்பங்களில் இந்த வழக்கம் இன்னும் இருக்கிறது என்பது வாசக சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும். முதல் பிரசவத்துக்கு முன், வளைகாப்பு அன்று, பெண்ணுக்குக் கறுப்புப் புடவை. மசக்கைக் கறுப்பு என்பார்கள். கல்யாணத்துக்கு ஆகாது, பண்டிகைக்கு ஆகாது என்று ஒதுக்கிய அதே நிறத்தை, ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எந்தத் தீங்கும் அண்டக்கூடாத அந்த மாதங்களில்தான் எடுத்து உடுத்துகிறோம். குழந்தைக்குக் கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டு போலத்தான்.

“எனக்கு அம்மா எடுத்துக் கொடுத்தாள்” என்றாள் அக்காள், யாரிடம் என்றில்லாமல். “இந்த ஊரிலேதான். மைக் கறுப்பு, அரக்குக் கரை. யாளி இல்லை, என்னுடையதில் ருத்திராக்ஷம். நான் மாட்டேன், கறுப்பு எனக்கு எடுக்காது என்று அழுதேன். நீதான் வயிற்றில் இருந்தாய்” என்று மகளைப் பார்த்தாள்.

அறையில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் இதையெல்லாம் கவனிக்கிறவராகத் தெரியவில்லை. நாடா போய் வந்துகொண்டே இருந்தது.

“அந்தப் புடவை எங்கே அம்மா?”

“பெட்டியில் இருக்கிறது. மடிப்பு மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தரம் வெயில் படாமல் காற்றாட விடுவேன். நீ பார்த்ததில்லை, உனக்கு எங்கே நேரம்?”

கிரகப்பிரவேசத்துக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை எடுத்தோம். அதைப் பற்றித் தாயும் மகளும் ஒரு வார்த்தை கூட மாறுபடவில்லை என்பதை இந்தப் பிரயாணத்தின் பெரிய அதிசயமாகக் குறிப்பிட வேண்டும். திரும்பும்போது ஸந்நிதித் தெருவில் காரை நிறுத்தச் சொன்னாள் அக்காள். தானே இறங்கிப் போய், கொம்பும் கோரைப் பல்லும் நீட்டிய நாக்குமாக, கடையிலேயே மிகப் பயங்கரமான திருஷ்டிப் படம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்தாள். மகள் மடியில் வைத்தாள்.

“இதை வாசலுக்கு வெளியே மாட்டு. தெருவைப் பார்த்து இருக்க வேண்டும், உள்ளே பார்த்து இல்லை. உள்ளே நீ என்ன வர்ணம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்.”

ஸ்ரீபெரும்புதூர் வரை யாரும் பேசவில்லை. இந்தத் தடவை அது வேறு விதமான மௌனம். பிறகு மருமகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“அம்மா, அந்தப் புடவையை எனக்குத் தருவாயா? வெல்வெட் திரை வேண்டாம். அந்தக் கறுப்புச் சுவரில், கண்ணாடிக்குப் பக்கத்தில், கோல் போட்டு அதைத் தொங்க விட்டால் பிரமாதமாக இருக்கும். வௌவாலைக் கூட இரண்டாகக் குறைத்துவிடுகிறேன்.”

“ஆணி அடிக்கக் கூடாது. கத்திரி வைக்கக் கூடாது. வெயில் படக் கூடாது” என்றாள் அக்காள். கொஞ்சம் யோசித்தாள். “அப்புறம், நான் கேட்கும்போது சுவரிலிருந்து இறக்கித் தர வேண்டும்.”

“எதற்கு?”

“எதற்கா? அந்த அம்மாள் கேட்டாளே, அதற்கு.”

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதோரம் சிவந்திருந்தது, அதை ரத்தச் சிவப்பு என்பதா, அரக்கு என்பதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “இறக்கிவிட்டால் சுவர் காலியாகிவிடுமே!” என்றாள் சற்றுப் பொறுத்து.

“அப்போது உனக்குச் சுவரைப் பார்க்க நேரமிருக்காது” என்று சொல்லிவிட்டு, அக்காள் மிச்சமிருந்த கோயில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.